மால் பழத் திருவிழா: வருவதற்கு முன்னும் வந்த பிறகும் எங்களிடம் கேட்கிற கேள்விகள்

ஒவ்வொரு மே மாதமும் சென்னையில் ஒரு மாலின் தரைத்தளத்தில், எஸ்கலேட்டர் இறங்குகிற இடத்துக்கு எதிரே, நானும் இன்னும் ஏழெட்டுத் தோப்புக்காரர்களும் சேர்ந்து பழக்கடை போடுகிறோம். எங்கள் குடும்பத் தோப்பு கிருஷ்ணகிரிப் பக்கம். பலா பண்ருட்டியிலிருந்து வருகிறது, பிளம்ஸ் மலையிலிருந்து வருகிறது, நுங்கு அன்றன்று காலையில் வந்து இறங்கும். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று ஆறு கோடையாகக் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கூட்டம் அதிகமானால் பாதிப் பதிலோடு நின்றுவிடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கேள்வி எதுவாக இருந்தாலும் நான் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: பழத்தைப் பெயர் கேட்டு வாங்குங்கள். “மாம்பழம் ஒரு கிலோ” என்று கேட்பது, ஜவுளிக்கடையில் “துணி ஒரு மீட்டர்” என்று கேட்பது மாதிரி.

எந்த வாரம் வந்தால் நிறைய வகை கிடைக்கும்?

மே கடைசி வாரம். மாம்பழத்தில், ஏப்ரலில் செந்தூரா வந்துவிடும், பங்கனப்பள்ளியும் ஆந்திராவிலிருந்து வர ஆரம்பித்துவிடும். ஆனால் முதலில் வருவதில் சில தோப்புகள் விலைக்காக அவசரப்பட்டுப் பறித்தவை, சப்பென்று இருக்கும். மே நடுவில் அல்போன்சாவும் இமாம் பசந்தும் சேர்ந்துகொள்ளும். மே கடைசியில் மல்கோவா எட்டிப் பார்க்கும். நீலமும் பெங்களூராவும் ஜூன், ஜூலை. மேயில் திருவிழா நடக்கும்போது நீலம் கேட்டால் எங்களிடம் இருக்காது, யாரிடமாவது இருந்தால் அது முற்றாத காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவல்பழமும் ஆனி, ஆடிச் சரக்குதான். பிளம்ஸ் மே, ஜூனில் வரும். லிச்சி மே கடைசியில் பீகாரிலிருந்து வந்தால் வைப்போம், வராவிட்டால் இல்லை.

பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், மல்கோவா, எது நல்லது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் வாயால் பதில் சொல்வதில்லை, மூன்றையும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிடுவேன். மாலில் திருவிழா போடுவதில் உள்ள பெரிய நன்மையே அதுதான், தெருவில் எந்தக் கடையில் ஐந்து வகையை வரிசையாக ருசி பார்த்துவிட்டு வாங்க முடியும்? ஆனாலும் கேட்கிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பங்கனப்பள்ளி நார் இல்லாதது, தோல் மெல்லியது, இனிப்பு நேராக வரும், புளிப்பு அதிகம் இருக்காது. நறுக்கித் தட்டில் வைக்க இதுதான் லாயக்கு. ஆந்திராவில் அதே பெயருள்ள ஊரின் பழத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இமாம் பசந்த் வேறு மாதிரி. வெளியே பார்த்தால் பச்சையாகவே இருக்கும், பழுத்ததா இல்லையா என்றே தெரியாது, அதனாலேயே நிறைய பேர் கையில் எடுத்துவிட்டு வைத்துவிடுவார்கள். வெட்டினால் வெளிர் மஞ்சள் சதை, கரண்டியால் வழித்துச் சாப்பிடுகிற பதம், இனிப்புக்குக் கடைசியில் ஒரு சின்னப் புளிப்பு வந்து தொட்டுவிட்டுப் போகும். காய்ப்பு குறைவு, அதனால் விலை பெரும்பாலும் பங்கனப்பள்ளியைப் போல இரண்டு மடங்கு. மல்கோவா உருண்டையாக, கனமாக, கையில் எடுத்தாலே தெரியும். வாசனைக்காகவே ஒன்று வாங்கி வீட்டில் வைக்கலாம்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் நன்றாக முற்றிய செந்தூராவைத்தான் பிடிக்கும். தோள்பட்டையில் அந்தச் சிவப்பும் கீழே மஞ்சளும், கொஞ்சம் நாரும், வாயில் வைத்ததும் வருகிற புளிப்பும் இனிப்பும். சின்ன வயதில் மரத்தடியிலேயே தோலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சாப்பிட்ட பழம் அது. விலையும் குறைவு. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததா?

இல்லை. இதைக் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டாம், கேட்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது. கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், அதுதான் காயை வெளியே மஞ்சளாக்குகிறது. கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும், ஆபத்து அதில்தான். கார்பைடு வாயுவால் பழுக்க வைத்த பழத்தை விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் (2011) தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. காய் தானாகப் பழுக்கும்போது வெளியிடுகிற அதே வாயுதான் எத்திலீன். சிலர் “எத்திலீனா, ஐயோ” என்று பயப்படுகிறார்கள், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாங்கள் தோப்பில் செய்வது என்னவென்றால், பறித்த காயை ஒரு அண்டாத் தண்ணீரில் போடுவோம். முற்றிய காய் முழுகும், முற்றாதது மிதக்கும். மிதந்ததை ஊறுகாய்க்கு ஒதுக்கிவிட்டு முழுகியதைத் துடைத்து வைக்கோலில் அடுக்குவோம். முற்றின காய் நான்கைந்து நாளில் தானாகவே பழுத்துவிடும், அதற்குக் கல் எதற்கு? கல் தேவைப்படுவதே முற்றாத காயைப் பறிக்கிறவர்களுக்குத்தான்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், முழுவதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் பெட்டியில் இருக்கிற அத்தனையும் ஒரே மஞ்சளாக, அழுத்தினால் கல் மாதிரி, காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனையே இல்லாமல் இருந்தால் வாங்காதீர்கள். மரத்தில் ஒன்று வெயிலில் காய்க்கும், ஒன்று நிழலில் காய்க்கும், எல்லாம் ஒரே நிறத்தில் எப்படி வரும்?

கோயம்பேட்டில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். அங்கே லாரி லாரியாக இறங்குகிற சரக்கு, பெட்டிக் கணக்கில் ஏலம், நீங்களே விடியற்காலையில் போய்ப் பெட்டியாக எடுத்தால் கட்டாயம் மலிவுதான். வீட்டில் கல்யாணம், பத்து கிலோ வேண்டும் என்கிறவர்களை நானே அங்கே அனுப்பியிருக்கிறேன். எங்கள் விலையில் மாலுக்குக் கொடுக்கிற இடவாடகை இருக்கிறது, ஒவ்வொரு பழமாகப் பொறுக்கி அடுக்கிய கூலி இருக்கிறது, ருசி பார்க்க வெட்டிக் கொடுக்கிற பழமும் இருக்கிறது. மிச்சம் நேராகத் தோப்புக்காரருக்குப் போகிறது.

அது ஏன் முக்கியம் என்றால், 2025 ஜூனில் கிருஷ்ணகிரியிலும் பக்கத்துச் சித்தூரிலும் கூழுக்குப் போகிற பெங்களூரா மாங்காயின் விலை கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்க்கு இறங்கியது. மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் முந்தைய வருடத்துச் சரக்கே தேங்கிக் கிடப்பதாகச் சொல்லி எடுப்பதைக் குறைத்தன. பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு, ரோட்டோரம் கொட்டியவர்கள் உண்டு. மாங்காயில் பெரும்பங்கு கூழுக்குப் போகிற ஊரில், தின்கிறவர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிற பழம்தான் தோப்பைக் காப்பாற்றுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற உங்களிடம் நான் இமாம் பசந்தையும் செந்தூராவையும் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் அதுதான்.

காயாக வாங்குவதா, பழமாக வாங்குவதா?

என்றைக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம். இன்று இரவுக்கு இரண்டு, நாளை மறுநாளைக்கு இரண்டு, அடுத்த வாரத்துக்கு நான்கு காய் என்று கலந்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். காயை அரிசிப் பானையிலோ, வைக்கோலிலோ, ஒன்றுமில்லை என்றால் செய்தித்தாளில் சுற்றி ஒரு அட்டைப் பெட்டியிலோ வையுங்கள். காயாக இருக்கும்போது ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர் தாங்காமல் தோல் கறுத்து, உள்ளே சரியாகப் பழுக்காமலே போய்விடும். பழுத்த பிறகு வைக்கலாம்.

சூட்டையும் மாம்பழம் தாங்காது, அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் ஒரு மாலில் இரவு கடை மூடியதும் கூடத்து ஏசியை நிறுத்திவிடுவார்கள் என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாற்பது பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனோம். காலையில் தார்ப்பாயைத் தூக்கியதும் முகத்தில் அடித்தது ஒரு வாசனை, மூன்று நாளில் மெல்லப் பழுக்க வேண்டியது ஒரே ராத்திரியில் மொத்தமாகப் பழுத்து, அடிப்பெட்டிகளில் சாறு இறங்கி அட்டை நனைந்திருந்தது. அன்று முழுக்கப் பாதி விலைக்குக் கொடுத்தோம், மிச்சத்தை ஜூஸ் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். இப்போது பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாக இடைவெளி விட்டுத்தான் அடுக்குகிறோம், மூடுவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான், காரின் பின்பக்கம் வெயிலில் வைத்துவிட்டுப் படம் பார்க்கப் போகாதீர்கள். படம் பார்ப்பதென்றால் பார்த்துவிட்டு வந்து வாங்குங்கள், பெயர் எழுதி எடுத்து வைக்கச் சொன்னாலும் வைப்போம்.

தர்பூசணியில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்களாமே?

2025 ஏப்ரலில் இந்தப் பேச்சு சென்னையில் கிளம்பி, வாட்ஸ்அப்பில் பரவி, ஒரே வாரத்தில் தர்பூசணி விற்பனை படுத்துவிட்டது. திண்டிவனம், மரக்காணம் பக்கம் அறுவடைக்குத் தயாராக இருந்த பழம் வாங்க ஆளில்லாமல் வயலிலேயே கிடந்தது. விவசாயிகள் போராட்டத்தில் இறங்கிய பிறகுதான் பயப்படாமல் சாப்பிடுங்கள் என்ற பேச்சே வந்தது. யோசித்துப் பாருங்கள், பழத்தில் ஊசி குத்தினால் அந்த ஓட்டை வழியாகக் காற்றும் கிருமியும் போய்ச் சீக்கிரமே புளித்துவிடும், குத்திய சாயம் அந்த இடத்தில் நிற்குமே தவிர ஆறேழு கிலோப் பழம் முழுக்க ஒரே சீராகப் பரவாது. பழத்தின் சிவப்பு லைகோபீன், தக்காளியில் இருக்கிற அதே நிறமி. நடுவில் தெரிகிற வெள்ளை நரம்பு பழத்தின் நார்.

நல்ல பழம் பார்க்க, அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். மண்ணில் படுத்திருந்த இடம் வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முற்றியது, வெள்ளையாக இருந்தால் அவசரத்தில் பறித்தது. வெட்டி வைத்த துண்டை மட்டும் எங்கேயும் யோசித்து வாங்குங்கள், எங்களிடம் உட்பட. எப்போது வெட்டியது என்று கேளுங்கள்.

பலாப்பழம் முழுதாகக் கிடைக்குமா, சுளையாகவா?

இரண்டும். முழுப் பழம் வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அடுக்குமாடி வீட்டில் எங்கே வைத்து வெட்டுவது என்கிறார்கள், அது நியாயம்தான். அதனால் பண்ருட்டியிலிருந்து வருகிற அக்கா ஒருவர் அங்கேயே உட்கார்ந்து வெட்டித் தருவார். அவர் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார், பழத்தைப் பிளந்ததும் முதலில் நடுத்தண்டை நீக்குவார், வடிகிற பாலை ஒரு காகிதத்தால் அப்படியே ஒற்றி எடுப்பார், அப்புறம் சுளையைச் சுற்றியிருக்கிற நாரான சடையை விலக்கினால் சுளை தானாகக் கையில் வந்து விழும். ஒரு சுளையில்கூட நகம் படாது.

தட்டினால் பொத்தென்று சத்தம் வர வேண்டும், முள் விரிந்து மழுங்கியிருக்க வேண்டும், நாலடி தள்ளியே வாசனை வர வேண்டும். கன்னியாகுமரிக்காரர்கள் வந்து “வருக்கையா கூழனா” என்று சரியாகக் கேட்பார்கள். வருக்கை கடித்துத் தின்கிற மாதிரி மொறுமொறுப்பான சுளை, கூழன் வழுக்கிக்கொண்டு போகும். எங்களிடம் கூழன் வருவதில்லை, வண்டியில் தாங்காது. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது தாத்தா காலத்து மரங்கள் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. இப்போது அவர் கொண்டுவருவது அதற்குப் பிறகு நட்ட மரங்களின் பழம்.

கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வையுங்கள்.

நுங்கு எத்தனை மணிக்கு வந்தால் கிடைக்கும்?

பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள். அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. குலையாக வரும், கேட்கக் கேட்கச் சீவித் தருவோம், மொத்தமாகச் சீவி வைப்பதில்லை. இளநுங்கு வேண்டுமென்றால் இளசு என்று சொல்லுங்கள், விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் ஆடுவது தெரியும். மேல்தோலோடு சாப்பிடுங்கள், கொஞ்சம் துவர்க்கும், பரவாயில்லை. குழந்தைகளுக்கு மூன்று கண்ணையும் கட்டைவிரலால் நோண்டித் தின்னக் கற்றுக்கொடுங்கள். நுங்கு எடுத்த காலிக் கூடு இரண்டையும் ஒரு குச்சியும் கேட்டால் தருவோம், வண்டி செய்துகொள்ளலாம்.

சர்க்கரை நோய் இருக்கிறது, நான் வருவதில் பயன் உண்டா?

வாருங்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் பழக்காரன், என் வேலை அதில்லை. அனுபவத்தில் சொல்லக்கூடியது, ஜூஸாகக் குடிக்காதீர்கள், நான்கு பழத்தின் இனிப்பு ஒரே டம்ளரில் இறங்கிவிடும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு அதன் மேல் மாம்பழமும் வேண்டாம். இங்கே ருசி பார்க்கக் கொடுக்கிற துண்டு சின்னதுதான், நல்ல வகையாக இரண்டு துண்டு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஸ்டார் ஃப்ரூட் பக்கமே போகாதீர்கள். இது சாதாரண எச்சரிக்கை இல்லை, அந்தப் பழத்தில் உள்ள பொருளைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் போனால் மூளை நரம்பைத் தாக்கும். தட்டின் முன்னால் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். லிச்சியைக் குழந்தைகளுக்கு வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்.

மாம்பழம் சூடு, கட்டி வரும் என்கிறார்களே?

சூட்டைப் பற்றி எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது பாலைப் பற்றித்தான். காம்பில் வடிகிற பால் தோலில் பட்டால் அரிக்கும், புண்ணாகும், சிலருக்கு வாயோரம் வெந்த மாதிரி ஆகிவிடும். பறிக்கிறவர்கள் கையைப் பார்த்தால் தெரியும். வாங்கிப் போனதும் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு, காம்புப் பக்கம் ஒரு வட்டம் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டுச் சாப்பிடுங்கள். என் பாட்டி இதைத் தவறாமல் செய்வார், எங்கள் வீட்டில் தினமும் ஆளுக்கு இரண்டு பழம் ஓடும்.

போட்டி, விளையாட்டு எல்லாம் உண்டா?

சனி, ஞாயிறு மாலையில் உண்டு. சின்னவர்களுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாம்பழம் சாப்பிடும் போட்டி, மாற்றுச் சட்டை கொண்டுவாருங்கள். எனக்குப் பிடித்தது கண்ணைக் கட்டிக்கொண்டு வாசனையை வைத்துப் பெயர் சொல்கிற போட்டி. போன வருடம் ஒரு பாட்டி பேரனுக்குத் துணையாக வந்தவர், அவரே நாற்காலியில் உட்கார்ந்து ஐந்துக்கு ஐந்தும் சொன்னார். ருமானி என்கிற மாம்பழத்தை முகர்ந்ததும் அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. அந்தப் பழத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்று அந்த வருடம் அதை நிறுத்துவதாக இருந்தோம், இப்போது நிறுத்தவில்லை.

என்ன கொண்டுவர வேண்டும்?

மஞ்சப்பை, அல்லது அடி அகலமான கூடை. பிளாஸ்டிக் கவர் தரமாட்டோம், 2019 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் கவரில் போட்ட மாம்பழம் வியர்த்து அழுகும். நுழைய கட்டணம் இல்லை. பழத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, எடைத் தராசு முத்திரை பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கிங் மணிக்கணக்கில் ஏறும், அது எங்கள் கையில் இல்லை, மெட்ரோவில் வந்தால் நிம்மதி.

இது மாங்கனித் திருவிழா மாதிரியா?

இல்லை, பெயரை வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாங்கனித் திருவிழா என்றால் அது காரைக்காலில் ஆனி மாதம் காரைக்கால் அம்மையாருக்கு நடப்பது. பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் மாம்பழத்தை வீசுவார்கள், கீழே நிற்கிறவர்கள் பிரசாதமாக ஏந்திப் பிடிப்பார்கள். ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். வகைகளைப் பார்க்க ஆசை என்றால் கிருஷ்ணகிரியில் நடக்கிற அகில இந்திய மாங்கனிக் கண்காட்சிக்குப் போகலாம், மே கடைசியில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் உண்டு. அங்கே பார்க்கலாம், எங்களிடம் வாங்கித் தின்னலாம்.

நீலம் வெட்டினால் உள்ளே வண்டு இருக்கிறதே, பழம் கெட்டதா?

கெடவில்லை. பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டையிட்டுவிடும், புழு துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும், போன வழி பழம் வளர வளர மூடிக்கொள்ளும். அதனால்தான் வெளியே ஓட்டையே தெரிவதில்லை. சதையை அது தொடுவது குறைவு. கொட்டைப் பக்கத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம்.

சாப்பிட்ட கொட்டையை நட்டால் அதே பழம் வருமா?

வராது. பங்கனப்பள்ளிக் கொட்டையிலிருந்து மரம் வரும், ஆனால் காய் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, காய்க்கவும் வருடக்கணக்கில் ஆகும். அதே பழம் வேண்டுமென்றால் ஒட்டுக் கன்றுதான். கடைசி மேசையில் கன்றுகளும் வைத்திருக்கிறோம், மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் வைக்கலாம், தரையில் இடம் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்கட்டும், அதற்குக் கீழே துளிர்க்கிறதை உடனே கிள்ளிவிடுங்கள், முதல் வருடம் பூ வந்தாலும் உதிர்த்துவிடுங்கள்.